பல்பு எரிந்த மறுநாள்

குண்டு பல்பு ஒன்று எரிகிறது. அதன் மஞ்சள் வெளிச்சம் சுருக்கம் விழுந்த ஒரு பாட்டியின் முகத்தில் படுகிறது. பாட்டி சொல்வது ஒரே ஒரு சொல்: "பிஜ்லி". மின்சாரம். 'ஸ்வதேஸ்' படத்தில் இந்த இடம் வரும்போது கண் கலங்காதவர்கள் குறைவு. அசுதோஷ் கோவாரிகர் இயக்கி, ஷாருக் கான் நடித்து, ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்து 2004 டிசம்பர் 17 அன்று வெளியான இந்திப் படம் அது. தமிழில் 'தேசம்' என்ற பெயரில் டப் ஆகி வந்தது. படத்தை மறந்தவர்கள்கூட வாலி எழுதிய 'உந்தன் தேசத்தின் குரல்' பாட்டை மறக்கவில்லை.

இருபது வருஷமாக இந்தப் படத்தை ஒற்றை வரியில் சுருக்கிவிட்டோம்: "படித்தவனே, ஊருக்குத் திரும்பி வா." சுதந்திர தினத்தன்று டிவியில் போடும்போதும் இதைத்தான் சொல்கிறார்கள், கல்லூரி ஆண்டு விழாவில் சிறப்பு விருந்தினரும் இதைத்தான் சொல்கிறார். படத்தை நிதானமாகப் பார்த்தால், திரும்பி வருவது அதில் சின்ன விஷயம். டிக்கெட் எடுத்தால் வந்துவிடலாம். வந்தவன் எந்த வேலையை முதலில் செய்தான், எங்கே தோற்றான், எது ஊரை அசைத்தது என்பதில்தான் படத்தின் சரக்கு இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. பல்பு எரிந்த கொஞ்ச நேரத்தில் படம் வேறு பக்கம் திரும்பிவிடுகிறது. ஊருக்கோ வேலை அங்கிருந்துதான் ஆரம்பம்.

படம் வந்த காலத்தை ஒரு முறை நினைத்துக்கொள்வது நல்லது. 2004 தேர்தலுக்கு முன்பு 'இந்தியா ஒளிர்கிறது' என்று ஊரெல்லாம் விளம்பரம் ஓடியது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்போ, கிராமத்து வீடுகளில் 43.5 சதவீதம்தான் மின்விளக்கு ஏற்றுகின்றன, மற்றவை பெரும்பாலும் மண்ணெண்ணெய் விளக்கை நம்பியிருக்கின்றன என்றது. அதே காலத்தில் கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக அமெரிக்கா போய்க்கொண்டிருந்தார்கள். 2001 முதல் 2003 வரை அந்த நாடு எச்1பி விசா வரம்பை வருஷத்துக்கு 1,95,000 ஆக உயர்த்தி வைத்திருந்தது. ஒரே வீட்டில் ஒரு மகன் நியூ ஜெர்சியில், அப்பா அம்மா ஊரில் இன்வெர்ட்டர் வாங்கக் கடையில் என்பது சாதாரணக் காட்சி. இந்த இரண்டு இந்தியாவையும் ஒரே ஆளின் பயணத்தில் கோத்ததுதான் படத்தின் கெட்டிக்காரத்தனம். வசூல் என்னவோ இல்லை. 'லகான்' கொடுத்த இயக்குநரிடம் கூட்டம் வேறொன்றை எதிர்பார்த்தது. ஒரு மாதம் முன்னால் வந்த 'வீர் ஜாரா'வில் காதலித்துக்கொண்டிருந்த ஷாருக், இதில் குழாய் பதித்துக்கொண்டிருந்தார்.

தோல்வியில் தொடங்கும் சேதி

ஷாருக் நடிக்கும் மோகன் பார்கவா, நாசாவில் மழையை அளக்கும் செயற்கைக்கோள் திட்டத்தில் வேலை பார்ப்பவர். சின்ன வயதில் தன்னை வளர்த்த காவேரியம்மாவைத் தேடி விடுப்பில் இந்தியா வருகிறார். உத்தரப் பிரதேசத்தில் சரண்பூர் என்ற கற்பனைக் கிராமம். (படம் பிடித்தது மகாராஷ்டிரத்தின் வாய் பக்கத்தில், கிருஷ்ணா நதி ஓரம். மேணவலி படித்துறையைப் பார்த்தவர்களுக்கு உடனே தெரியும்.) வசதி இருக்காது என்று பயந்து, படுக்கை, கழிப்பறை எல்லாம் உள்ள கேரவன் வண்டியிலேயே ஊருக்குள் நுழைகிறார். குடிக்கப் பாட்டில் தண்ணீர்.

அவர் ஊருக்குச் செய்யும் முதல் 'சேவை' வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பச் சொல்வது. ஊர் ஆசிரியை கீதாவின் பள்ளியில் போதுமான பிள்ளைகள் இல்லாவிட்டால் கட்டிடம் போய்விடும் என்று பஞ்சாயத்து நெருக்குகிறது. மோகன் போகிறார், பேசுகிறார், கெஞ்சுகிறார். சில பிள்ளைகள் சேர்கிறார்கள். ஆனால் மேல்சாதி வீட்டார் தங்கள் பிள்ளையைக் கீழ்சாதிப் பிள்ளை பக்கத்தில் உட்காரவைக்கத் தயாரில்லை, கீழ்சாதி அப்பாவுக்கோ பள்ளியில் தன் பிள்ளைக்கு இடம் உண்டு என்ற நம்பிக்கையே இல்லை. பேச்சால் நகர்ந்தது கொஞ்சம்தான். நாடக உத்தியாக இதைப் படம் ஓரமாகக் காட்டிவிட்டுப் போனாலும், சமூக வேலைக்கு இறங்கும் எந்த இளைஞருக்கும் இது முதல் பாடம்: எதற்காக மறுக்கிறார்கள் என்று தெரியாமல் எதைச் செய்யச் சொன்னாலும் அது பிரசங்கம்தான்.

மறுப்புக்குக் காரணம் என்ன என்பதை ஹரிதாஸ் என்ற குத்தகைக்காரர் சொல்கிறார். கீதாவுக்குச் சேரவேண்டிய குத்தகைப் பணத்தை வாங்கிவர மோகனை வேறொரு ஊருக்கு அனுப்புகிறார்கள். ரயில், பஸ், படகு என்று மாறி மாறிப் போய்ச் சேர்ந்தால், அங்கே இருப்பது ஒரு முன்னாள் நெசவாளி. தறி வருமானம் தராமல் போனதும் விவசாயத்துக்கு மாறியவர். குலத்தொழிலை விட்டவனுக்குத் தண்ணீர் கிடையாது என்று ஊர் வாய்க்காலை அடைத்துவிட்டது. விளைச்சல் இல்லை, குத்தகையும் இல்லை. சாப்பிட வழியில்லாத அந்த வீட்டில் விருந்தாளிக்குச் சோறு போடுகிறார்கள். பணம் கேட்க வந்தவர் பணம் கொடுத்துவிட்டுக் கிளம்புகிறார்.

திரும்பும் வழியில் ஒரு சின்ன ஸ்டேஷன். ரயில் நிற்கும் அந்த இரண்டு நிமிஷத்தில் ஒரு சிறுவன் ஜன்னல் ஜன்னலாக ஓடித் தண்ணீர் விற்கிறான். மண் குவளை, விலை 25 காசு. மோகன் வாங்கிக் குடிக்கிறார். வசனமே கிடையாது. அதுவரை பாட்டிலை விடாதவர் குடிக்கும் முதல் ஊர்த் தண்ணீர் இது என்பதைப் படம் அடிக்கோடிட்டுச் சொல்வதில்லை, பார்ப்பவர்களே புரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறது. நடிப்பைப் பற்றிப் பேசினால் ஷாருக்கின் இருபது படங்களை இந்த ஒரு நிமிஷத்துக்கு எதிரே வைக்கலாம். மழையை விண்ணிலிருந்து அளப்பவரிடம் தண்ணீரைக் காசுக்கு விற்கிறான் ஒரு பையன். நாசாவில் தொடங்கும் படத்தின் முதல் காட்சியும் இதுவும் ஒரே கயிற்றின் இரண்டு முனைகள்.

இதற்குப் பிறகுதான் மின்சாரம் வருகிறது. தசரா நேரத்தில் ஊர்ப் பெரியவர்கள் பண்பாடு, பாரம்பரியம் என்று நெஞ்சை நிமிர்த்தும்போது, நம் நாடு உலகிலேயே மகத்தான நாடு என்று தான் நம்பவில்லை, அப்படி ஆக்கும் திறமையும் பலமும் நம்மிடம் இருக்கிறது என்றுதான் நம்புகிறேன் என்கிறார் மோகன். இன்றைய சூழலில் இந்த வசனத்தை ஒரு பெரிய நட்சத்திரத்தின் வாயில் வைக்க எத்தனை தயாரிப்பாளர் துணிவார்கள் என்பது சந்தேகம். ஆனால் வசனத்தை மட்டும் வெட்டி ரீல்ஸில் போடுபவர்கள் அடுத்து வருவதை விட்டுவிடுகிறார்கள்: பேசியவர் உடனே ஊர் ஆட்களைக் கேட்கிறார், வற்றாமல் ஓடும் மலை ஊற்றைக் காட்டி இதில் மின்சாரம் எடுக்கலாம் என்கிறார், கைக்காசைப் போட்டுச் சாமான் வாங்குகிறார்.

பில்காவ் என்ற நிஜம்

சரண்பூருக்குப் பின்னால் ஒரு நிஜ ஊர் உண்டு. மகாராஷ்டிரத்தின் நந்துர்பார் மாவட்டத்தில், நர்மதைப் பள்ளத்தாக்கில் பில்காவ் என்ற ஆதிவாசி கிராமம். அமெரிக்காவிலிருந்து திரும்பிய அரவிந்தா பில்லலமர்ரி, ரவி குச்சிமஞ்சி தம்பதியின் பணிகளிலிருந்து படத்தின் கரு வந்தது. அவர்கள் சார்ந்த 'எய்ட்' அமைப்பு, நர்மதை அணைகளை எதிர்த்துப் போராடிய நர்மதா பச்சாவ் ஆந்தோலன், கேரளத்திலிருந்து வந்த பொறியாளர்கள், ஊர் மக்கள் எல்லோரும் சேர்ந்து கட்டிய 15 கிலோவாட் நீர்மின் நிலையம் 2003 தொடக்கத்தில் ஓடத் தொடங்கியது. ஊர்க்காரர்கள் கொடுத்த இலவச உழைப்பு சுமார் 2,000 ஆள்நாள்.

திரைக்கதை இதில் செய்த மாற்றங்கள் கவனிக்கத் தக்கவை. தம்பதி தனி ஆள் ஆனார்கள். பல வருஷப் போராட்ட இயக்கம் காணாமல் போனது. ஆதிவாசி ஊர், சாதி கலந்த உத்தரப் பிரதேசக் கிராமம் ஆனது. வணிக சினிமாவுக்கு ஒரு முகம் வேண்டும் என்பது புரிகிறது. ஆனால் படம் பார்த்து உருகிய இளைஞர் தன்னை மோகனாக நினைத்துக்கொள்கிறாரே தவிர, 2,000 ஆள்நாளில் ஒரு நாளாக நினைத்துக்கொள்வதில்லை. இந்தக் கோளாறு அந்த மாற்றத்தில்தான் ஆரம்பிக்கிறது.

அந்த ஊற்றில் எத்தனை பல்பு?

சிறு நீர்மின் வேலைக்குக் கணக்கு சுலபம். வினாடிக்கு எத்தனை லிட்டர் தண்ணீர், எத்தனை மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது என்பதைப் பெருக்கி, அதை 9.81 ஆல் பெருக்கினால் வாட் கணக்கில் முழுச் சக்தி வரும். குழாய் உராய்வு, டர்பைன் (நீர் சுழற்றும் சக்கரம்), ஜெனரேட்டர், வயர் எல்லாம் சேர்ந்து பாதியைத் தின்றுவிடும். எனவே களத்தில் 9.81க்குப் பதில் 5 போட்டுக்கொள்வார்கள். வினாடிக்கு 10 லிட்டர், 40 மீட்டர் உயரம் என்றால் 10 × 40 × 5 = 2,000 வாட். படம் வந்த காலத்தின் 60 வாட் குண்டு பல்பு என்றால் 33 எரியும். இன்றைய 9 வாட் எல்இடி என்றால் 220. ஸ்வதேஸ் இன்று எடுக்கப்பட்டால் அதே ஊற்று ஏழு மடங்கு ஊருக்கு வெளிச்சம் கொடுக்கும்.

ஓடையை அளக்க பெரிய கருவி வேண்டாம். 200 லிட்டர் டிரம் ஒன்றும் கைக்கடிகாரமும் போதும். ஓடை முழுவதையும் ஒரு குழாயில் திருப்பி டிரம்மில் விட்டு, 20 வினாடியில் நிறைந்தால் வினாடிக்கு 10 லிட்டர். உயரத்துக்கு, கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூப். படிப்படியாக இறங்கி, ஒவ்வொரு படியிலும் வித்தியாசத்தைக் குறித்துக் கூட்டினால் மொத்த உயரம் வந்துவிடும். ஆல்டிமீட்டர் உள்ள போனை நம்பி அளப்பவர்கள் ஐந்தாறு மீட்டர் தப்பு செய்துவிட்டுப் பிறகு டர்பைனைத் திட்டுகிறார்கள்.

முதல் தப்பு இந்த அளவிலேயே நடக்கும். நகரத்து ஆர்வலர் வருவது பெரும்பாலும் மழை முடிந்த அக்டோபரில். மலை பச்சையாக இருக்கும், ஓடை குதித்து ஓடும். அந்தக் கணக்கை வைத்து டர்பைன் வாங்கினால், மே மாதம் அதே ஓடை வினாடிக்கு 3 லிட்டருக்கு இறங்கும்போது 2,000 வாட் 600 வாட் ஆகிவிடும். கோடையில் அளக்க வேண்டும், அதுவும் இரண்டு கோடை அளந்தால் நல்லது. ஊர்ப் பெரியவர்களிடம் "இந்த ஊற்று என்றைக்காவது வற்றியதுண்டா?" என்று கேட்பது மூன்றாவது கோடைக்குச் சமம். படத்தில் மோகன் விடுப்பில் வந்தவர், இரண்டு கோடை காத்திருக்க முடியாது. சினிமாவுக்கு அந்தச் சலுகை உண்டு.

இரண்டாவது தப்பு குழாயில். மேலிருந்து வாய்க்கால் வழியாக வரும் நீர் முதலில் ஒரு தொட்டியில் நின்று மண்ணைப் படியவிட வேண்டும். அங்கிருந்துதான் இறங்கு குழாய். 200 மீட்டர் நீளத்துக்கு 75 மில்லிமீட்டர் பிவிசி குழாய் போட்டால், 10 லிட்டர் நீர் அதன் வழியே முட்டி மோதி இறங்கும்போது 40 மீட்டர் உயரத்தில் 16, 17 மீட்டர் உராய்விலேயே போய்விடும். 110 மில்லிமீட்டர் குழாய் போட்டால் இழப்பு இரண்டரை மீட்டர்தான். நன்கொடைப் பணத்தில் சிக்கனம் பிடிக்கிறேன் என்று சின்னக் குழாய் வாங்குவது மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கொட்டிவிடுவது. குழாயின் அழுத்தத் தரமும் முக்கியம். 40 மீட்டர் நிற்கும் தண்ணீர் சதுர சென்டிமீட்டருக்கு 4 கிலோ அழுத்தும். கீழே வால்வைச் சட்டென்று மூடினால் அது ஒரு கணம் பல மடங்காகித் தாக்கும். எனவே குறைந்தது 6 கிலோ தரக் குழாய் வேண்டும், வால்வைத் திருகித் திருகி மெதுவாக மூடும் ஆளும் வேண்டும். குழாயை மண்ணில் புதைக்காவிட்டால் வெயிலில் இரண்டு மூன்று வருஷத்தில் நொறுங்க ஆரம்பிக்கும்.

டர்பைன் ஒன்றும் மந்திரம் அல்ல. உயரம் அதிகம், நீர் குறைவு என்றால் கிண்ணங்கள் வரிசையாகப் பொருத்திய பெல்டன் சக்கரம். உயரம் குறைவு, நீர் அதிகம் என்றால் குறுக்கே நீர் பாயும் உருளை. பணம் இல்லாத இடத்தில் சாதாரண மோட்டார் பம்ப் செட்டையே திருப்பி ஓட்டுவார்கள். நீர் பம்பைச் சுழற்றும், பம்போடு இணைந்த மோட்டார், சரியான கெபாசிட்டர்களை மாட்டிவிட்டால், ஜெனரேட்டர் ஆகிவிடும். தாலுகா ஊரில் மோட்டார் வைண்டிங் கடைக்காரருக்கு இது தெரிந்த சங்கதி. கெட்டால் அவரே சரி செய்வார் என்பது இதன் பெரிய பலம். பலவீனமும் உண்டு: தாங்காத லோடு போட்டால் வோல்டேஜ் மெல்லக் குறையாது, மொத்தமாகச் சரிந்துவிடும். மோட்டாரில் மிச்சமிருக்கும் காந்தமும் சில நேரம் போய்விடும். பிறகு பேட்டரியைத் தொட்டு எழுப்பினால்தான் உயிர் வரும்.

இதற்கு எதிர்த் திசையிலும் ஆபத்து உண்டு. ராத்திரி பத்து மணிக்கு எல்லா வீட்டிலும் விளக்கை அணைத்துவிட்டால் தண்ணீர் அதே வேகத்தில்தான் அடிக்கும். இழுக்க லோடு இல்லாத சக்கரம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேகத்தில் பறக்கும். வோல்டேஜ் எகிறி, மறந்துபோய் அணைக்காத வீட்டின் பல்பும் டிவியும் புகைந்துவிடும். அதனால்தான் ஒரு லோடு கன்ட்ரோலர் பெட்டி வைப்பார்கள். ஊர் பயன்படுத்தாத மின்சாரத்தை அது தண்ணீர்த் தொட்டிக்குள் இருக்கும் ஹீட்டர் கம்பிக்குத் தள்ளிவிடும். அந்தத் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று ஒருவர் தினமும் பார்க்க வேண்டும். பார்க்காமல் விட்டால் கம்பி எரியும், கம்பி எரிந்தால் சக்கரம் பறக்கும், பிறகு வீடுகளில் பல்பு.

இவை எல்லாவற்றையும்விட அதிகமாக நிலையத்தை நிறுத்துவது காய்ந்த இலை. தொட்டி வாயில் உள்ள கம்பிச் சல்லடையில் இலை அடைத்துக்கொண்டால் நீர் குறையும், குழாய்க்குள் காற்று புகும், சாயங்காலம் விளக்கு மங்கும். மழைக்காலத்தில் காலையும் மாலையும் சல்லடையை வாரிவிட வேண்டும். வெள்ளம் வந்தால் மதகை அடைத்து மணலைத் தள்ள வேண்டும். ஐஐடியில் படித்தவர் இதற்கு வேண்டாம். விடியற்காலை மலையேறச் சலிக்காத ஒருவர் வேண்டும்.

கடைசி வீடு யாருடையது?

வயருக்கு வருவோம். 2,000 வாட் என்பது 230 வோல்ட்டில் சுமார் 8.7 ஆம்பியர். ஜெனரேட்டரிலிருந்து 500 மீட்டர் தள்ளி ஊர் இருந்தால், போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி என்று 1,000 மீட்டர். வீட்டு வயரிங்குக்கு வாங்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி கிலோமீட்டருக்கு 12 ஓம். அதில் முழு லோடை இழுத்தால் 100 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். ஊரில் பல்பு செங்கல் நிறத்தில் முழிக்கும். 16 சதுர மில்லிமீட்டர் அலுமினியக் கம்பி என்றால் இழப்பு 16, 17 வோல்ட்டோடு நிற்கும். விலை அதிகம்தான், ஆனால் வேறு வழி இல்லை.

வோல்டேஜ் குறைவு எல்லோருக்கும் சமமாக வராது. கம்பியின் தொடக்கத்தில் உள்ள வீட்டில் 225, கடைசி வீட்டில் 170 என்று இருக்கும். இந்தியக் கிராமத்தில் கடைசி வீடு யாருடையது என்று கேட்கத் தேவையில்லை. ஊருக்கு வெளியே, கம்பம் கடைசியாகப் போய்ச் சேரும் இடத்தில் இருப்பது தலித் குடியிருப்பு. ஒருவர்கூடச் சாதி பார்க்காமல் வேலை செய்தாலும், கம்பி சாதி பார்த்துவிடும். இதைச் சரிக்கட்ட வழி இருக்கிறது: முதல் கம்பத்தை அங்கிருந்து தொடங்கலாம், அல்லது அந்தப் பக்கத்துக்குத் தனிக் கம்பி இழுக்கலாம். இரண்டுமே பஞ்சாயத்துக் கூட்டத்தில் சண்டையாகும் முடிவுகள்.

படம் இதை நேராகச் சொல்வதில்லை. ஆனால் கிட்டத்தட்ட இதையே வேறு விதத்தில் காட்டிவிடுகிறது. ஊரில் திரை கட்டி 1973இல் வந்த 'யாதோன் கி பாராத்' ஓட்டுகிறார்கள். மேல்சாதிக்காரர்கள் திரைக்கு முன்னால். மற்றவர்கள் திரைக்குப் பின்னால், இடது வலது மாறித் தெரியும் படத்தைப் பார்க்கிறார்கள். நடுவில் கரண்ட் போகிறது. மோகன் பிள்ளைகளை வானத்தைப் பார்க்கச் சொல்லி, நட்சத்திரங்களைக் காட்டிப் பாடுகிறார். பாட்டின் நடுவே அந்தத் திரை இறங்குகிறது, இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் கலந்துவிடுகிறார்கள். உதித் நாராயணுக்குத் தேசிய விருது வாங்கிக்கொடுத்த பாட்டு. சினிமாவில் திரை ஒரு பாட்டில் விழும். கம்பத்தின் வரிசையை மாற்ற ஆறு மாதம் ஆகும். இருந்தாலும், டர்பைனுக்கு முன்பே இந்தக் காட்சியை வைத்த வரிசை சரியானது. திரைக்குப் பின்னால் உட்காரவைக்கப்பட்ட பிள்ளை, தண்ணீர் மறுக்கப்பட்ட ஹரிதாஸ், பிறகுதான் பல்பு.

விமர்சனம் ஒன்றும் வைக்க வேண்டும். பார்கவா என்பது மேல்சாதிப் பெயர். ஊர் அவர் பேச்சைக் கேட்பதற்கு அமெரிக்கா எவ்வளவு காரணமோ அதே அளவு அந்தப் பெயரும் காரணம். பிர்சா போன்ற கீழ்சாதி ஆள் இதே ஊற்றைக் காட்டி, "இதில் கரண்ட் எடுக்கலாம்" என்று சொல்லியிருந்தால் பஞ்சாயத்து நாற்காலி கொடுத்திருக்குமா? படம் இந்தக் கேள்வியைத் தொடவில்லை. கீதா விஷயமும் அப்படித்தான். மோகன் வருவதற்கு முன்பிருந்தே அந்த ஊரில் தினசரி வேலை பார்த்துக்கொண்டிருப்பவர் அவர். போஸ்டரில் அவர் காதலி.

ஐம்பது ரூபாய்க் கணக்கு

60 வீட்டுக்கு 2,000 வாட் என்றால் வீட்டுக்குச் சுமார் 33 வாட். இரண்டு பல்பு, ஒரு போன் சார்ஜர். ஒரு வீட்டில் 1,000 வாட் அயர்ன் பாக்ஸைச் சொருகினால் ஊரே மங்கிவிடும். கல்யாண வீட்டில் சீரியல் செட் போட்டாலும் அப்படித்தான். அதனால் முதல் நாளே ஒவ்வொரு வீட்டிலும் அளவுக்கு மேல் இழுத்தால் விழுந்துவிடும் கட்-அவுட் போட வேண்டும், தலைவர் வீட்டிலும் சேர்த்து. தலைவர் வீட்டுக்கு மட்டும் விலக்கு என்று தொடங்கிய நிலையம் ஒரு வருஷம் ஓடுவது கஷ்டம்.

காசு வசூலிக்காமல் இது ஓடாது. வீட்டுக்கு மாதம் 50 ரூபாய் என்றால் 3,000 ரூபாய் சேரும். மலையேறிச் சல்லடை வாருபவருக்கு அதில் பெரும்பகுதி போய்விடும். மிச்சத்தில் பேரிங், பெல்ட், கெபாசிட்டர். இலவசமாகக் கொடுத்த இடங்களில் முதல் பேரிங் தேய்ந்த அன்றே சக்கரம் நிற்கிறது, ஏனென்றால் அதை மாற்றுவது யார் கடமை என்று யாருக்கும் தெரியாது. மோகன் தன் கைக்காசில் சாமான் வாங்கியதில் எனக்குள்ள உறுத்தல் இதுதான். ஊருக்கு அது பரிசு. பரிசாக வந்த பொருளை யாரும் ரிப்பேர் செய்வதில்லை.

வருமானத்துக்கு இன்னொரு வழி பகலில் இருக்கிறது. 2,000 வாட் இருபத்து நான்கு மணி நேரம் ஓடினால் நாளுக்கு 48 யூனிட். வெளிச்சத்துக்கு ஊர் எடுப்பது சாயங்காலம் ஐந்து மணி நேரம்தான், மீதி ஹீட்டர் தொட்டியில் வெந்நீராகப் போகிறது. பகலில் ஒரு மாவு மில் ஓட்டினால் பெண்கள் கிலோமீட்டர் கணக்கில் கோதுமை சுமக்க வேண்டாம், அரைக்கூலியில் நிலையமும் தன் காலில் நிற்கும். உத்தராகண்டத்து மலைகளில் 'கராட்' என்று சொல்லும் நீர்ச்சக்கர மாவு மில்கள் காலங்காலமாக இருக்கின்றன. அவற்றில் சிலதில் ஜெனரேட்டரையும் மாட்டி, பகலில் மாவு, ராத்திரி விளக்கு என்று ஓட்டுகிறார்கள். மோகனின் நிலையத்தை நடத்தச் சரியான ஆள் படத்திலேயே இருக்கிறார்: தபால் அலுவலகத்து நிவாரண். புதுசாக எதையும் கற்றுக்கொள்ளத் துடிப்பவர், எழுதப் படிக்கத் தெரிந்தவர், எல்லா வீட்டுக்கும் தெரிந்தவர், கடிதம் எடுத்துக்கொண்டு நடந்து பழகியவர். இன்னொரு இளைஞன் மேலா ராம், அமெரிக்கா போய் ஹோட்டல் வைக்கும் கனவில் இருக்கிறான். படம் அவனைக் கேலி செய்யாமல் விட்டது நல்ல மனசு. ஒருவன் திரும்பி வருவதைக் கொண்டாடும் கதை, இன்னொருவன் கிளம்ப நினைப்பதைக் குற்றம் என்று சொல்ல முடியாது.

சட்டம் இதற்குத் தடையாக இல்லை. மாநில அரசு கிராமப் பகுதி என்று அறிவித்த இடத்தில் மின்சாரம் தயாரித்து விநியோகிக்க உரிமம் வேண்டாம் என்று 2003 மின்சாரச் சட்டத்தின் 14ஆம் பிரிவே சொல்கிறது. தடை வேறு பக்கத்திலிருந்து வந்தது. 2005இல் ராஜீவ் காந்தி கிராம மின்மயத் திட்டம், பிறகு தீன் தயாள் உபாத்யாயா திட்டம், 2017இல் சௌபாக்யா என்று அரசுக் கம்பிகள் ஊர்களுக்குள் வந்தன. 2018 ஏப்ரல் 28 அன்று மணிப்பூரின் லெய்சாங் என்ற ஊரோடு எல்லாக் கிராமத்துக்கும் மின்சாரம் போய்விட்டதாக அரசு அறிவித்தது. பள்ளி, பஞ்சாயத்து அலுவலகம் போன்ற பொது இடங்களிலும் பத்து சதவீத வீட்டிலும் இணைப்பு இருந்தால் அந்த ஊர் 'மின்மயம்' ஆனதாகக் கணக்கு என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கம்பி வந்த ஊரில் சொந்தச் சக்கரத்தை யாரும் எண்ணெய் போட்டு வைப்பதில்லை. கம்பியில் கரண்ட் வராத நாளில்தான் நினைவு வருகிறது.

பில்காவ் நிலையத்துக்கு இந்தக் கதிகூட வாய்க்கவில்லை. சர்தார் சரோவர் அணையின் உயரத்தை 110.64 மீட்டரிலிருந்து 121.92 மீட்டராக உயர்த்த 2006 மார்ச்சில் அனுமதி கிடைத்தது. அந்த வருஷத்து மழையில் அணையின் பின்னால் ஏறிய வெள்ளத்தில் பில்காவின் நிலையம் மூழ்கிப்போனது. மூழ்கடித்த அணையும் மின்சாரத்துக்காகத்தான் கட்டப்பட்டது, பாசனத்தோடு சேர்த்து. அதன் திறன் 1,450 மெகாவாட். கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட ஒரு லட்சம் பில்காவ்கள். 2,000 ஆள்நாள் உழைத்தவர்களுக்கு இந்தக் கணக்கு எந்த விதத்திலும் ஆறுதல் இல்லை. படம் வெளியாகி அப்போது இரண்டு வருஷம்கூட முடியவில்லை. பாட்டியின் முகத்தில் விழுந்த வெளிச்சத்துக்குக் கை தட்டிய நகரங்களில் இந்தச் செய்தி பெரிதாகப் போய்ச் சேரவில்லை.

படத்தின் முடிவில் மோகன் நாசா வேலையை விட்டு வருகிறார். விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் சேர்ந்துகொள்ளலாம் என்பது அவர் யோசனை. அந்த மையம் இருப்பது திருவனந்தபுரத்தில், சரண்பூரிலிருந்து இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். கடைசிக் காட்சியில் நிவாரணோடு மண்ணில் புரண்டு குஸ்தி போடுகிறார், ஆற்றில் முகம் கழுவுகிறார். சல்லடையை அன்று காலை யார் வாரினார்கள் என்று தெரியவில்லை.

அவர் வேலை பார்த்த மழை அளக்கும் திட்டம் கற்பனை அல்ல. அமெரிக்காவும் ஜப்பானும் சேர்ந்து அதன் முதன்மைச் செயற்கைக்கோளை 2014 பிப்ரவரி கடைசியில் ஜப்பானின் தனேகஷிமாவிலிருந்து ஏவின. அதிலிருந்தும் கூட்டாளிச் செயற்கைக்கோள்களிலிருந்தும் வரும் தரவைத் தொகுத்து, அரை மணிக்கு ஒரு முறை உலகத்தின் மழை வரைபடம் தயாராகிறது. காசு கொடுக்க வேண்டாம், யாரும் இறக்கிக்கொள்ளலாம். அதில் ஒரு கட்டம் என்பது சுமார் பத்து கிலோமீட்டர். ஒரு கட்டத்துக்குள் எத்தனையோ ஓடைகள் அடங்கிவிடும். அவற்றில் ஒன்றில் மே மாதம் வினாடிக்கு எத்தனை லிட்டர் ஓடுகிறது என்று தெரிய வேண்டுமானால், இப்போதும் டிரம்மைத் தூக்கிக்கொண்டு மலையேற வேண்டும்.